இரட்டை நகரங்கள்: ஒரு மேசை விரிப்பு, ஒரு சிலுவை, ஒரு சிலை

இரட்டை நகரம்னு சொன்னதும் உங்களுக்கு ஐதராபாத் - செகந்திராபாத் ஞாபகம் வந்தா, அதை இப்போதைக்கு ஓரமா வச்சிடுங்க. இது வேற மேட்டர். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருக்கும் ரெண்டு ஊர்கள், "இன்னையிலேர்ந்து நீயும் நானும் உடன்பிறப்பு" என்று காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொள்வது. சிலர் சகோதர நகரம் என்பார்கள், சிலர் இணை நகரம் என்பார்கள். இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊருக்குள் நுழைந்தால்கூட வரவேற்புப் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு பிரெஞ்சு ஊர், ஒரு ஜெர்மன் ஊர் பெயர் போட்டிருக்கும். அவங்கதான் இந்த ஊரோட உடன்பிறப்புகள்.

இதைப் பற்றி நம்ம ஆளுங்ககிட்ட பேசினா வர்ற முதல் கமெண்ட் எதுன்னு எனக்குத் தெரியும். "மேயரும் கவுன்சிலருங்களும் குடும்பத்தோட ஓசியில ஃபாரின் டூர் அடிக்க ஒரு வழி." நானும் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன். முழுக்க தப்புன்னும் சொல்ல முடியாது. மாலை, பொன்னாடை, குழு போட்டோ, ரெண்டு வரி அறிக்கை, அத்தோட முடிஞ்சுபோன உறவுகள் உலகம் பூரா கொட்டிக் கிடக்கு.

ஆனால் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போனபோது ஒரு மேசை விரிப்பில் போய் நின்றேன். சாப்பாட்டு மேசை மேல் விரிக்கிற துணிதான். அந்தத் துணியின் கதையைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ, காபி ஏதாவது கையில் எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

கொஞ்சம் கொசுவத்தி

ஊரும் ஊரும் உறவு கொண்டாடுவது புதுசு இல்லை. கி.பி. 836ல் பிரான்சின் லெ மான் நகரிலிருந்து புனித லிபோரியஸின் எலும்புகளை ஜெர்மனியின் பாடர்போர்ன் நகருக்குக் கொண்டுபோனார்கள். அன்று ஆரம்பித்த உறவை ரெண்டு ஊர்களும் இன்றைக்கும் கொண்டாடுகின்றன. முறைப்படி ஒப்பந்தம் போட்டது என்னவோ 1967ல்தான். தாலி கட்டி 1,131 வருஷம் கழிச்சு ரிஜிஸ்டர் ஆபீஸ் போன கதை :-)

முதல் உலகப் போர் முடிந்ததும் இங்கிலாந்தின் பல ஊர்கள், சண்டையில் சிதைந்துபோன பிரெஞ்சு ஊர்களைத் 'தத்து' எடுத்துக்கொண்டன. யார்க்‌ஷயரில் இருக்கும் கீத்லி என்ற ஊர் 1920ல் ப்வா டு நோர் என்ற ஊரை அப்படி எடுத்துக்கொண்டது. ஆனால் தத்து வேறு, இரட்டை வேறு. தத்தில் ஒருத்தர் கொடுப்பவர், இன்னொருத்தர் வாங்குபவர். ரெண்டு பேரும் அடி வாங்கியவர்களாக இருந்து, ஒருத்தர் தோளில் இன்னொருத்தர் கை போட்டது இரண்டாம் உலகப் போரில்தான். அதற்கு கோவென்ட்ரிக்குப் போகணும்.

நிலா வெளிச்சத்தில் ஒரு ராத்திரி

கோவென்ட்ரி இங்கிலாந்தின் நடுவில் இருக்கும் தொழில் நகரம். சைக்கிள், கார் என்று செய்துகொண்டிருந்த பட்டறைகள் போர் வந்ததும் விமான இன்ஜின், ஆயுதம் என்று மாறின. 1940 நவம்பர் 14, நல்ல நிலா வெளிச்சம். ஜெர்மன் விமானப்படை அன்றைய தாக்குதலுக்கு வைத்த ரகசியப் பெயர் 'நிலவொளி சொனாட்டா'. பீத்தோவனின் இசைக்கு இப்படி ஒரு கதி. சுமார் 11 மணி நேரம், விடிகிற வரைக்கும், அலை அலையாகக் குண்டு போட்டார்கள். 500 டன்னுக்குப் பக்கமாக வெடிகுண்டு, அது போக ஆயிரக்கணக்கில் தீக்குண்டுகள். இறந்தவர்கள் 568 பேர். ஆயிரக்கணக்கான வீடுகள் தரைமட்டம். 14, 15ஆம் நூற்றாண்டுகளில் கட்டிய புனித மைக்கேல் தேவாலயத்தில் கோபுரமும் வெளிச்சுவர்களும் மட்டும் மிச்சம்.

ஒரு ஊரை ஒரே ராத்திரியில் துடைத்துப்போடுவதற்கு ஜெர்மன் பிரச்சாரக்காரர்கள் புதுசாக ஒரு வினைச்சொல்லே உண்டாக்கினார்கள். தமிழில் சொன்னால் 'கோவென்ட்ரியாக்குதல்'. ஒரு ஊர்ப்பெயர் அழிவுக்கு வினைச்சொல் ஆவதை யோசித்துப் பாருங்கள். நம்ம ஊரில் எம்டன் கப்பல் பெயர் 'சரியான எம்டன்டா அவன்' என்று பேச்சில் தங்கிப்போன மாதிரி. ஆனால் எம்டன் 1914 செப்டம்பர் 22ஆம் தேதி ராத்திரி வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. அதற்கே சென்னை இன்னும் உயர் நீதிமன்றச் சுவரில் கல்வெட்டு வைத்து ஞாபகம் வைத்திருக்கிறது. கோவென்ட்ரி பட்ட அடி எங்கேயோ.

830 பெயர்கள்

ரெண்டு வருஷம் கழித்து ஸ்டாலின்கிராட். 1942 ஆகஸ்ட் 23ஆம் தேதி ஜெர்மன் விமானங்கள் அந்த நகரத்தைக் குண்டு போட்டு எரித்தன. அதற்கப்புறம் தெருத் தெருவாக, வீடு வீடாக, மாடிப்படி மாடிப்படியாகச் சண்டை. 1943 பிப்ரவரி 2 வரைக்கும் நடந்தது. வானொலியில் அந்தச் செய்திகளைக் கேட்டுக்கொண்டிருந்த கோவென்ட்ரிக்காரர்களுக்கு அது தூரத்துச் செய்தியாக இல்லை. தன் வீடு எரிந்தவனுக்கு அடுத்தவன் வீடு எரிகிற புகையின் வாசம் தெரியும்.

அந்த நாட்களில் கோவென்ட்ரிப் பெண்கள் 830 பேர் சேர்ந்து ஒரு மேசை விரிப்பு செய்தார்கள். ஒவ்வொருத்தர் பெயரும் அந்தத் துணியில் ஊசி நூலால் தைக்கப்பட்டது. நடுவே ஒரு வாசகம். பெரிய அனுதாபத்தைவிடச் சின்ன உதவி மேல் என்பது அதன் சாரம். ஆளுக்கு ஆறு பென்ஸ் காசும் போட்டார்கள். விரிப்பும் காசும் ஸ்டாலின்கிராடுக்குப் போய்ச் சேர்ந்தன.

நமக்குத்தான் கணக்குப் போடாமல் இருக்க முடியாதே. 830 பேர், ஆளுக்கு 6 பென்ஸ், மொத்தம் 4,980 பென்ஸ். அந்தக் காலத்தில் ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். ஆக 20 பவுண்ட் 15 ஷில்லிங். இடிந்த ஒரு நகரத்தில் அதை வைத்து ஒரு சுவர்கூட எழுப்ப முடியாது. ரேஷன் காலத்தில், தங்கள் ஊரே பாதி இடிந்து கிடக்கையில் கொடுத்த காசு. துணியும் நூலும்கூட அன்றைக்குச் சும்மா கிடைக்கிற பொருள் இல்லை.

இதே சமயத்தில் பிரிட்டிஷ் அரசாங்கமும் ஸ்டாலின்கிராடுக்கு ஒரு பரிசு கொடுத்தது. மன்னர் ஆறாம் ஜார்ஜ் செய்யச் சொன்ன ஒரு வாள். 1943 நவம்பர் 29ஆம் தேதி டெஹ்ரான் மாநாட்டில் சர்ச்சில் அதை ஸ்டாலினிடம் கொடுத்தார். போட்டோ, பேண்டு வாத்தியம், மரியாதை அணிவகுப்பு எல்லாம் உண்டு. அந்த வாளும் இந்த மேசை விரிப்பும் பிறகு ஒரே அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன, வோல்கோகிராடில் இருக்கும் ஸ்டாலின்கிராட் போர் அருங்காட்சியகத்துக்கு. அரசன் கொடுத்ததும் அடுப்படிக்காரிகள் கொடுத்ததும் ஒரே கூரைக்குக் கீழே. எனக்கு எது பெரிசாத் தெரியுதுன்னு தனியா சொல்லணுமா?

1944ல் கோவென்ட்ரியும் ஸ்டாலின்கிராடும் முறைப்படி இரட்டை நகரங்கள் ஆயின. இன்று உலகம் முழுக்க இருக்கும் ஆயிரக்கணக்கான ஜோடிகளுக்கு இதைத்தான் முன்னோடி என்கிறார்கள்.

அப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம். போர் முடிந்த மறுவருஷமே, 1946ல், சர்ச்சில் இரும்புத்திரை பற்றிப் பேசிவிட்டார். பனிப்போர் ஆரம்பம். வாள் கொடுத்தவரும் வாங்கியவரும் எதிரிகள். 1961ல் ஸ்டாலின்கிராட் தன் பெயரையே மாற்றிக்கொண்டு வோல்கோகிராட் ஆனது. பாரிஸ் மெட்ரோவில் மட்டும் இன்னும் ஸ்டாலின்கிராட் என்ற ஸ்டேஷன் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் இந்த ரெண்டு ஊர்களின் உறவு அறுந்துபோகவில்லை. கோவென்ட்ரியின் வட்டச்சாலைப் பாலத்துக்கு அடியில் 'வோல்கோகிராட் ப்ளேஸ்' என்று ஒரு இடத்துக்கே பெயர் வைத்திருக்கிறார்கள். பெரிய சதுக்கம் ஒன்றும் இல்லை. மேலே லாரி போகும், கீழே ஆள் நடப்பான். ஆனால் பெயர் இருக்கிறது.

சுலபமான நட்பு

கோவென்ட்ரி அதோடு நிற்கவில்லை. 1942 ஜூன் 10ஆம் தேதி நாஜிகள் ஆண்களைச் சுட்டுக் கொன்று தரைமட்டமாக்கிய செக் கிராமம் லிடிட்சே. அதனுடன் 1947ல் உறவு. யூகோஸ்லாவியாவின் பெல்கிரேடு 1957ல். பெல்கிரேடு கொடுத்த மரத்தை வைத்து உள் அலங்காரம் செய்து, 1958ல் ஒரு நாடக அரங்கம் திறந்து அதற்கு பெல்கிரேடு தியேட்டர் என்றே பெயர் வைத்தார்கள். போருக்குப் பின் பிரிட்டனில் ஒரு நகராட்சி கட்டிய முதல் தியேட்டர் அதுதான். இன்றும் அங்கே நாடகம் நடக்கிறது. டிக்கெட் வாங்கி உள்ளே போகிறவர்களில் எத்தனை பேருக்குக் காரணம் தெரியுமோ. ஆனால் நட்புக்கு எழுப்பிய சின்னத்தில் தினமும் ஆள் நடமாட்டம் இருப்பது எவ்வளவு நல்ல விஷயம்!

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் மனசை நெகிழ வைக்கிற கதை. ஆனால் கறாராகப் பார்த்தால், இவை எல்லாமே சுலபமான நட்புகள். ஸ்டாலின்கிராட், லிடிட்சே, பெல்கிரேடு, எல்லாரையும் அடித்தவன் ஒருத்தன்தான். (பெல்கிரேடு கதையில் ஒரு சிக்கல் உண்டு. 1941 ஏப்ரலில் அங்கே குண்டு போட்டது ஜெர்மனி. 1944 ஏப்ரலில் போட்டது அமெரிக்க, பிரிட்டிஷ் விமானங்கள்.) ஒரே ஆளிடம் அடி வாங்கிய ரெண்டு பேர் நண்பர்களாவதற்குப் பெரிய மனசு எதுவும் தேவையில்லை. கூட உட்கார்ந்து அழுதால் போதும்.

அடித்தவன் ஊரோடு உறவு கொண்டாடுவது? அதைவிடக் கஷ்டம், நாம் அடித்த ஊரோடு உறவு கொண்டாடுவது?

ரெண்டே வார்த்தை

குண்டு விழுந்த அன்று அந்தத் தேவாலயத்தின் தலைமைக் குருவாக இருந்தவர் ரிச்சர்ட் ஹோவர்ட். கூரை எரிந்து விழுந்த உத்தரங்கள் ரெண்டு, ஒன்றின் மேல் ஒன்று சிலுவை மாதிரி கிடந்ததைப் பார்த்து அதையே கட்டி நிறுத்தினார்கள். கூரையிலிருந்து உதிர்ந்த பழங்காலத்து ஆணிகள் மூன்றை வைத்து இன்னொரு சின்னச் சிலுவை. ஆறு வாரம் கழித்து, 1940 கிறிஸ்துமஸ் அன்று, இடிபாடுகளுக்கு நடுவிலிருந்தே ஹோவர்ட் வானொலியில் பேசினார். பழிவாங்கும் எண்ணத்தை விரட்டணும், போர் முடிந்தபின் கருணையுள்ள உலகத்தைக் கட்டணும் என்பது அவர் பேச்சின் சாரம். அப்போது லண்டன் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தது. கேட்டவர்களில் எத்தனை பேர் பல்லைக் கடித்தார்களோ.

பலிபீடத்துக்குப் பின்னால் இருக்கும் சுவரில் ஹோவர்ட் ரெண்டே வார்த்தை பொறிக்கச் செய்தார். 'பிதாவே, மன்னியும்.' விவிலியம் படித்தவர்களுக்குச் சட்டென்று தெரியும், இதில் ஒரு சொல் குறைகிறது. சிலுவையில் இயேசு கேட்டது 'இவர்களை' மன்னிக்கச் சொல்லி. ஹோவர்ட் அந்த 'இவர்களை' விட்டுவிட்டார். ஏனென்றால் 'இவர்கள்' என்று கை நீட்டினால் நீட்டுகிறவன் தப்பித்துக்கொள்கிறான். அந்தச் சொல் இல்லாவிட்டால் மன்னிப்பு எல்லாருக்கும் வேண்டியதாகிறது, சுவருக்கு முன்னால் நிற்கிறவனையும் சேர்த்து.

1947ல் ஆணிச் சிலுவை ஒன்று ஜெர்மனியின் கீல் துறைமுகத்துக்குப் போனது. அதே வருஷம் கோவென்ட்ரியும் கீலும் இரட்டை நகரங்கள். போர் முடிந்து ரெண்டே வருஷம். கோவென்ட்ரியில் இன்னும் இடிபாடு அள்ளி முடியாத காலம்.

அடுத்தது டிரெஸ்டன். இங்கேதான் கதை நம்மையும் கொஞ்சம் நெளிய வைக்கும். கோவென்ட்ரியில் ஜெர்மானியர் எப்படித் தீயை வைத்து ஒரு நகரத்தை அழித்தார்கள் என்பதை பிரிட்டிஷ் விமானப்படை உட்கார்ந்து படித்தது. படித்ததைப் பல மடங்காகத் திருப்பிக் கொடுத்தது. 1945 பிப்ரவரி 13 முதல் 15 வரை பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் டிரெஸ்டனை எரித்தன. இறந்தவர்கள் லட்சக்கணக்கில் என்று நாஜிப் பிரச்சாரம் கிளப்பிவிட்ட கணக்கு பல பத்தாண்டுகள் சுற்றி வந்தது. டிரெஸ்டன் நகரமே அமைத்த வரலாற்றாய்வாளர் குழு 2010ல் கொடுத்த முடிவு, அதிகபட்சம் 25,000 பேர். ஊதிப் பெருக்கிய கணக்கைக் கழித்த பிறகும் 568 பக்கத்தில் 25,000 எவ்வளவு பெரிய எண்ணிக்கை என்று பாருங்கள்.

கோவென்ட்ரியும் டிரெஸ்டனும் 1959ல் இரட்டை நகரங்கள் ஆயின. டிரெஸ்டன் அப்போது கிழக்கு ஜெர்மனியில், திரைக்கு அந்தப் பக்கம். 1960களின் ஆரம்பத்தில் ஜெர்மன் இளைஞர்கள் கோவென்ட்ரிக்கு வந்து இடிந்த தேவாலயத்தில் கல் மண் சுமந்து ஒரு பகுதியைச் சீரமைத்தார்கள். 1965ல் கோவென்ட்ரியிலிருந்து இளைஞர்கள் டிரெஸ்டனுக்குப் போய், குண்டில் சிதைந்த ஒரு மருத்துவமனையைத் திரும்பக் கட்டும் வேலையில் இறங்கினார்கள். அவன் அப்பன் இடித்ததை இவன் கட்டினான், இவன் அப்பன் இடித்ததை அவன் கட்டினான்.

எல்லாம் சுபமாக முடியவில்லை. புதுத் தேவாலயம் 1962 மே மாதம் திறந்தபோது பெஞ்சமின் பிரிட்டன் 'வார் ரிக்வியம்' என்ற இசைப்படைப்பை அரங்கேற்றினார். மூன்று நாட்டுக் குரல்கள் சேர்ந்து பாடணும் என்பது அவர் திட்டம். இங்கிலாந்திலிருந்து பீட்டர் பியர்ஸ், ஜெர்மனியிலிருந்து ஃபிஷர்-டீஸ்காவ், ரஷ்யாவிலிருந்து கலீனா விஷ்னேவ்ஸ்கயா. சோவியத் அரசு விஷ்னேவ்ஸ்கயாவுக்கு அனுமதி தரவில்லை. கடைசி நேரத்தில் ஹீத்தர் ஹார்ப்பர் பாடினார். பாருங்க, கோவென்ட்ரிக்கு முதல் உடன்பிறப்பு ரஷ்ய நகரம். அந்த நாடே இந்த மேடைக்கு வர மறுத்தது. கூட அழ வந்தவர்கள், மன்னிக்கும் இடத்துக்கு வரவில்லை.

தளபதிக்குச் சிலை, தேவாலயத்துக்குச் சிலுவை

இங்கிலாந்தே மட்டும் என்ன யோக்கியம்? டிரெஸ்டன், கொலோன் எல்லாம் எரித்த குண்டுவீச்சுப் படையின் தளபதி ஆர்தர் ஹாரிஸுக்கு 1992 மே 31ஆம் தேதி லண்டனில் சிலை திறந்தார்கள். தேதியைக் கவனியுங்கள். 1942ல் கொலோன் மேல் ஆயிரம் விமானங்கள் குண்டு போட்ட ராத்திரியின் 50ஆம் ஆண்டு. ஜெர்மன் நகரங்கள் எதிர்ப்புத் தெரிவித்தும் கேட்கவில்லை. திறப்பு விழாவிலேயே கூச்சல். சிலை மேல் பெயிண்ட் ஊற்றினார்கள், காவல் போட வேண்டி வந்தது. அதே வருஷம் அக்டோபரில் எலிசபெத் ராணி டிரெஸ்டனுக்குப் போனபோது கூட்டத்திலிருந்து முட்டை பறந்தது.

அந்தக் கோபத்துக்கு நடுவில்தான் 1993ல் பிரிட்டனில் டிரெஸ்டன் அறக்கட்டளை ஆரம்பித்தது. 1945ல் சரிந்து, கிழக்கு ஜெர்மனிக் காலம் பூராவும் கற்குவியலாகக் கிடந்த ஃப்ராவன்கிர்ஷ தேவாலயத்தைத் திரும்பக் கட்டும்போது, அதன் உச்சியில் வைக்கும் கோளமும் பொன் சிலுவையும் எங்கள் செலவு என்று சொன்னார்கள். பிரிட்டிஷ் மக்கள் நன்கொடை கொடுத்தார்கள். சிலுவையைச் செய்த லண்டன் பொற்கொல்லர் ஆலன் ஸ்மித். அவருடைய அப்பா, டிரெஸ்டன் மேல் குண்டு போடப் போன விமானிகளில் ஒருவர்.

இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 2004 ஜூன் 22ஆம் தேதி அந்தச் சிலுவை கோபுர உச்சிக்கு ஏறியது. 2005 அக்டோபர் 30ஆம் தேதி தேவாலயம் திறந்தது. இடிபாட்டிலிருந்து நசுங்கி எடுத்த பழைய சிலுவையை உள்ளேயே வைத்திருக்கிறார்கள். கருகிய பழைய கற்களும் வெளிறிய புதுக் கற்களும் கலந்து கட்டிய சுவர். தழும்பை மறைக்கவில்லை. பலிபீடத்தில் கோவென்ட்ரி ஆணிச் சிலுவை ஒன்றும் இருக்கிறது.

ஹாரிஸ் சிலையும் போர் நினைவுச்சின்னம்தான். டிரெஸ்டன் சிலுவையும் போர் நினைவுச்சின்னம்தான். 'எங்க ஆளு பெரிய ஆளு' என்கிறது ஒன்று. 'இது நாங்க செஞ்சது' என்கிறது இன்னொன்று. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை.

சிலை வந்தது, உறவு போனது

இதற்கு நேர் எதிரான கதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எல்லாம் நல்லபடியாக முடிகிற மாதிரி ஆகிவிடும்.

ஜப்பானின் ஒசாகாவும் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவும் 1957லிருந்து சகோதர நகரங்கள். 60 வருஷ உறவு. 2017 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு நினைவுச்சின்னம் திறந்தார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் பாலியல் அடிமைகளாக வைத்திருந்த பெண்களின் நினைவாக. சீன, கொரிய, பிலிப்பினோ சிறுமிகள் மூவர் கைகோத்து நிற்கிறார்கள். கீழே நின்று அவர்களை நிமிர்ந்து பார்க்கிற மூதாட்டி, 1991ல் தனக்கு நடந்ததை முதன்முதலில் வெளிப்படையாகச் சொன்ன கொரியப் பெண் கிம் ஹாக்-சூன்.

ஒசாகா மேயர் ஹிரோஃபூமி யோஷிமுரா அதை எடுக்கச் சொன்னார். சான் பிரான்சிஸ்கோ எடுக்கவில்லை. 2018 அக்டோபரில் உறவு முறிந்ததாகக் கடிதம் அனுப்பினார் யோஷிமுரா. இதற்கு முன்பே 2012ல், நான்ஜிங் படுகொலை நடக்கவே இல்லை என்கிற மாதிரி நகோயா மேயர் பேசப்போய், 1978லிருந்து இருந்த உறவை நான்ஜிங் நகரம் நிறுத்தி வைத்தது.

நெட்வொர்க் படிச்ச மக்களுக்கு இது டக்குனு புரியும். ரெண்டு கம்ப்யூட்டர் பேச ஆரம்பிக்கும் முன்னாடி ஒரு கைகுலுக்கல் நடக்கும். 'பேசலாமா?'ன்னு இந்தப் பக்கம் கேக்கும். 'கேட்டுச்சு, பேசலாம்'னு அந்தப் பக்கம் சொல்லும். 'நீ சொன்னது எனக்கும் கேட்டுச்சு'ன்னு இந்தப் பக்கம் ஒப்புதல் அனுப்பினாத்தான் இணைப்பு. நடுவுல ஒண்ணு வரலைன்னா இணைப்பு இல்ல. கோவென்ட்ரிக்கும் டிரெஸ்டனுக்கும் நடுவில் அந்த ஒப்புதல் ரெண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. ஒசாகாவுக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவில் 60 வருஷம் வெறும் விழா நடந்துகொண்டிருந்தது. முதல் கஷ்டமான வார்த்தை வந்ததும் லைன் கட். சிலை வந்து உறவைக் கெடுத்தது என்று எனக்குத் தோன்றவில்லை. உறவில் என்ன இல்லை என்பதைத்தான் சிலை காட்டிக்கொடுத்தது.

நம்ம சென்னை

கடைசியாக ஒரு விஷயம். வோல்கோகிராடின் உடன்பிறப்புப் பட்டியலில் கோவென்ட்ரி மட்டும் இல்லை. 1972ல் சேர்ந்த ஹிரோஷிமா இருக்கிறது. அதற்கும் முன்னால், 1960களிலேயே சேர்ந்த இன்னொரு ஊர் மெட்ராஸ். ஆமா, நம்ம சென்னைதான். அந்தக் கணக்குப்படி கோவென்ட்ரி நமக்குக் கூடப்பிறந்ததோட கூடப்பிறந்தது. ஒண்ணுவிட்ட சொந்தம் :-)

சென்னையில் எத்தனையோ வருஷம் சுத்தியிருக்கேன். வோல்கோகிராட் பேரில் ஒரு பலகைகூட என் கண்ணில் பட்டதில்லை. இந்தப் பதிவுக்காகத் தேடுகிற வரைக்கும் இப்படி ஒரு உறவு இருப்பதே எனக்குத் தெரியாது. காகிதத்தில் மட்டும் இருக்கும் உறவுக்கு நானே உதாரணம்.

2022ல் ரஷ்யா உக்ரைன் மேல் படையெடுத்த பிறகு ஐரோப்பிய நகரங்கள் பலவும் தங்கள் ரஷ்ய உடன்பிறப்புகளோடு உறவை நிறுத்தி வைத்தன. 2025 ஏப்ரலில் வோல்கோகிராட் விமான நிலையத்துக்கு ஸ்டாலின்கிராட் என்ற பழைய பெயரைத் திரும்பச் சூட்டினார் புதின். குண்டு விழுந்த ஊரின் பெயர், இன்னொரு போருக்கு நடுவில் மறுபடி பலகை ஏறுகிறது. கீவிலும் கார்கிவிலும் பெண்கள் நிலவறையில் உட்கார்ந்திருந்தபோது, அந்த 830 பேரின் விரிப்பு அதே ஊர் அருங்காட்சியகத்தில்தான் இருந்தது. அதில் எழுதியிருந்ததை இன்றைக்கு யாருக்கு யார் அனுப்ப வேண்டும் என்று நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

ஒப்பந்தத்தை நகராட்சி ஒரு தீர்மானம் போட்டு நிறுத்திவிடலாம். ஊர்ப் பெயரை அரசாங்கம் மாற்றலாம், திரும்பவும் மாற்றலாம். ஆளுக்கு ஆறு பென்ஸ் போட்டு, இடிந்த வீட்டில் உட்கார்ந்து தன் பெயரைத் தானே தைத்துக் கொடுத்தவர்களிடம் போய் அதை யாரால் திரும்பப் பிரிக்கச் சொல்ல முடியும்?

சரி மக்களே, இனி உங்க முறை. உங்க ஊருக்கு உடன்பிறப்பு ஊர் ஏதாவது இருக்கா? அதுக்கு ஒரு கல்லோ, ஒரு மரமோ, ஒரு தெருப்பேரோ எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? பார்த்திருந்தா பின்னூட்டத்துல ஒரு வரி எழுதிட்டுப் போங்க. சென்னையில வோல்கோகிராட் பேர்ல ஏதாவது இருந்து, அதை நான் கவனிக்காம விட்டிருந்தேன்னா அதையும் சொல்லுங்க. போய்ப் பார்த்துட்டு வந்து தனிப் பதிவே போட்டுடறேன்.